ஒரு நாள் முன்னதாகப் போன பை

ராயப்பேட்டை மணிக்கூண்டுக்குப் பின்னால் ஒரு குறுகலான தெரு. வெள்ளிக்கிழமை, பகல் பன்னிரண்டேகால் மணி. வாடகைக் காரின் பின் சீட்டில் நான் உட்கார்ந்திருக்கிறேன். எதிரே பஷீர் பாயின் தையல் கடை. ஷட்டர் இழுத்துப் பூட்டியிருக்கிறது.

பூட்டிய கடைக்குள் என் பை இருக்கிறது. பைக்குள் என் பாஸ்போர்ட் இருக்கிறது. நாலு மணிக்கு நான் ஜப்பானுக்கு விமானம் ஏற வேண்டும்.

தெருக்கோடி மசூதி வாசலில் வரிசை வரிசையாகச் செருப்புகள். ஒலிபெருக்கியில் ஒரு நிதானமான குரல். வேப்பமர நிழல் காரின் முன்கண்ணாடியில் விழுந்து அசைந்துகொண்டிருக்கிறது. கடைவாசல் படியில், ஷட்டருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என் ஆத்துக்காரர் நிற்கிறார். இருபத்தாறு வருஷக் கல்யாண வாழ்க்கையில் அந்த மனுஷரை நான் அப்படி முறைத்ததே இல்லை.

நடந்து சில வருஷங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் அந்த ஒரு மணி நேரத்தை மனசுக்குள் ஓட்டிப் பார்க்கும்போதெல்லாம் அது கொஞ்சம் நீளமாகிவிடுகிறது. நிழல் இன்னும் மெதுவாக அசைகிறது.

பாத்திரக் கடை மாடி

நாற்பத்திரண்டு வயதில் நான் ஜப்பானிய மொழி படிக்கச் சேர்ந்த கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு கே.கே. நகர் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அந்த வயசுல இலக்கணமெல்லாம் எப்படி மாமி மண்டைல ஏறித்து?"

ஏறவில்லை அம்மா. இலக்கணம் ஏற்கெனவே உள்ளே இருந்தது. எழுத்துதான் உயிரை வாங்கியது.

தி. நகரில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் வகுப்பு. கீழே யாராவது எவர்சில்வர் அடுக்கைக் கவிழ்த்தால் மேலே எங்களுக்கு வினைச்சொல் மறந்துபோகும். சொல்லிக்கொடுத்த மீனா என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். அவளை 'சென்செய்' என்று கூப்பிட வேண்டும், அதாவது ஆசிரியர். முதல் வாரம் எனக்கு வாய் வரவில்லை. "அம்மாடி மீனா" என்றுதான் வந்தது. அவள் சிரித்துக்கொண்டே கண்டிப்பாள்.

ஒரு காரியம் எப்போது நடந்தது என்பதை அந்த மொழி எப்படிச் சொல்லும் என்று நடத்திய வாரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. டோக்கி என்றால் வேளை. அதற்கு முன்னால் வருகிற வினை முடிந்ததா முடியாததா என்பதில்தான் சூட்சுமம். மீனா பலகையில் இரண்டு வாக்கியங்கள் எழுதினாள். வகுப்பில் ஐ.டி. கம்பெனி ஆட்கள் ஆங்கிலத்தில் மாற்றிப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்கள். நான் தமிழில் வாசித்தேன்.

'ஊருக்குப் போகும்போது புடவை வாங்கினேன்' என்றால், கிளம்புகிற வழியில் இங்கேயே பாண்டி பஜாரில் வாங்கியது. 'ஊருக்குப் போனபோது புடவை வாங்கினேன்' என்றால், போய்ச் சேர்ந்த இடத்தில் வாங்கியது. இக்கு டோக்கி, இத்தா டோக்கி. போகும்போது, போனபோது. இதில் என்ன கஷ்டம் என்று கேட்டேன். பக்கத்தில் இருந்த ஆள் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் பொறாமை இருந்தது. எனக்கு உள்ளூர ரொம்ப குஷி.

அன்று சாயங்காலம் பனகல் பார்க் பக்கம் நடந்து போனேன். அத்தனை கூட்டத்திலும் யாரும் என்னை இடிக்காத மாதிரி இருந்தது. பூக்காரி முழம் போட்டுக்கொண்டிருந்தாள், ஒருவர் கரும்புச்சாறு குடித்து முடித்திருந்தார், ஒரு குழந்தை அழப்போகிற தறுவாயில் இருந்தது. மூன்றுக்கும் ஜப்பானிய மொழியில் ஒரே சொல் உண்டு என்று மறுவாரம் தெரிந்தது. டொக்கோரோ. அதற்கு உண்மையான அர்த்தம் 'இடம்'.

அழப்போகிற இடம், அழுதுகொண்டிருக்கிற இடம், அழுது முடித்த இடம். நேரத்தைச் சொல்ல இடத்தைச் சொல்கிறார்கள். காரியம் அங்கேயே நிற்கிறது, நாம்தான் அதன் வாசலிலோ உள்ளேயோ கொல்லைப்பக்கமோ நிற்கிறோம். எனக்கு அந்தச் சொல்லின் மேல் ஒரு பைத்தியமே பிடித்துவிட்டது. குக்கர் விசில் வந்தால்கூட, இது எந்த இடம் என்று யோசித்துக்கொண்டு நிற்பேன். சாதம் குழைந்து போகும்.

பிறகு, பிறகு

'பிறகு' என்பதற்கு அவர்களிடம் ஒரு கட்டாயம் உண்டு. முன்னால் வருகிற வினை முடிந்த வினையாகத்தான் இருக்க வேண்டும். நாளைக்கு நடக்கப்போவதானாலும் சரி. நாமும் அப்படித்தானே? 'நாளைக்கு அவர் வந்த பிறகு சாப்பிடலாம்' என்கிறோம். இன்னும் வராத ஆளை வந்தவராகவே வைத்துப் பேசுகிறோம்.

நான் அப்படிப் பேசியே ஏழு வருஷம் ஓட்டினேன்.

ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கு அங்கே ஆறு மாதப் பயிற்சி ஒன்று உண்டு. படித்து முடித்து நானே அந்தப் பாத்திரக் கடை மாடியில் வகுப்பு எடுக்க ஆரம்பித்ததும், முதல் தடவை இடம் கிடைத்தது. மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்தார். "அம்மா எழுந்து நடந்த பிறகு போறேன்" என்றேன். இரண்டாவது தடவை கிடைத்தபோது பெண்ணுக்குப் பிளஸ் டூ. "அவ பரீட்சை முடிஞ்ச பிறகு" என்றேன். யாரும் என்னைப் போகாதே என்று சொல்லவில்லை. அதுதான் எரிச்சல். 'அப்ப நீ போகலையா?' என்று எல்லோரும் ஆச்சரியமாகக் கேட்டுவிட்டு, சரி காபி கொடு என்றார்கள்.

மூன்றாவது தடவை கிடைத்தபோது எனக்கு நாற்பத்தொன்பது வயது பத்து மாதம். ஐம்பது முடிந்தவர்களை அந்தப் பயிற்சிக்கு எடுக்க மாட்டார்கள். மாமியார் போய்ச் சேர்ந்திருந்தார். பெண் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். இனி 'பிறகு' போட எனக்கு ஆளே இல்லை. இந்த விமானத்தை விட்டால் ஜென்மத்துக்கும் இல்லை.

கடிதம் வந்த அன்று என் ஆத்துக்காரர் அதை இரண்டு தடவை படித்தார். "ஆறு மாசமா?" என்றார். "ஆமா" என்றேன். எழுந்து போய்ப் பஞ்சாங்கத்தை எடுத்தார்.

சந்திராஷ்டமத்துக்குத் தப்பிய பை

அவர் பஞ்சாங்கத்தைப் பார்க்காமல் தும்மக்கூட மாட்டார். டிக்கெட் வெள்ளிக்கிழமைக்குத்தான் கிடைத்தது. வியாழக்கிழமை மத்தியானமே எனக்குச் சந்திராஷ்டமம் ஆரம்பம். ராசிக்கு எட்டாம் இடத்தில் சந்திரன் வரும் இரண்டே கால் நாள், நல்ல காரியம் எதுவும் கூடாது. பிரயாணம் கூடவே கூடாது.

ஆனால் இதற்கெல்லாம் நம்மவர்கள் வழி வைத்திருக்கிறார்கள். பரஸ்தானம். நல்ல வேளையில், பிரயாணம் போகிறவரின் சாமான் ஒன்றை வேறொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால், அவர் அப்போதே கிளம்பிவிட்டதாகக் கணக்கு. அப்புறம் எந்த வேளையில் போனாலும் தோஷமில்லை. போகிற வழியில் அந்தப் பையை எடுத்துக்கொண்டு போக வேண்டியது.

கீழ்வீட்டில் வைக்கலாம் என்றால் அவர்கள் ஊரில் இல்லை. "பாய் கடைல வெச்சுடறேன்" என்றார் இவர்.

பஷீர் பாய் இவருக்கு ராயப்பேட்டைப் பள்ளிக்கூடத்துச் சிநேகிதர். எங்காத்தில் யார் எங்கே போனாலும் பரஸ்தானப் பை பாய் கடைக்குத்தான் போகும். மாமனார் காசிக்குப் போனபோதுகூட அங்கேதான் வைத்தது. "நம்ம கடைல வெச்ச பை திரும்பி வராம இருந்ததே இல்ல மாமி" என்று பாய்க்கு ஒரே பெருமை. வெட்டும் மேஜைக்கு அடியில் ஒரு மூலையைத் துடைத்து, பழைய துணி விரித்து வைப்பார்.

வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு இவர் ஒரு துணிப்பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். உள்ளே என்ன என்று கேட்டதற்கு, "உன் புடவை ஒண்ணு, உன் அகராதி" என்றார். நான் பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன், சரி என்று விட்டுவிட்டேன். காகிதமெல்லாம் அவர் பொறுப்பு. விசா, டிக்கெட் எல்லாவற்றையும் நாலு நகல் எடுத்துக் கலர் கலராகக் கோப்புப் போட்டு வைத்திருந்தார். அதை நான் தொட்டால் அவருக்குப் பிடிக்காது.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கே கிளம்பலாம் என்றேன். "பத்தரைலேர்ந்து பன்னெண்டு ராகு காலம்" என்றார்.

"பையைத்தான் நேத்தே அனுப்பியாச்சே, நான்தான் ஏற்கெனவே போயாச்சே! அப்புறம் என்ன ராகு காலம்?"

"பை போயிடுத்து. நீ இங்கதானே உக்காண்டிருக்கே?"

இந்த மனுஷரோடு வாதாட முடியுமா? பன்னிரண்டு அடித்ததும், மேற்கே சூலம், அதற்கு வெல்லம்தான் பரிகாரம் என்று வாயில் ஒரு வெல்லக்கட்டியைத் திணித்துக் காரில் ஏற்றினார். நட்சத்திரம் பார்த்தார், ராகு காலம் பார்த்தார், சூலம் பார்த்தார். வெள்ளிக்கிழமை மத்தியானம் பஷீர் பாய் எங்கே இருப்பார் என்று மட்டும் பார்க்கவில்லை. நாற்பது வருஷச் சிநேகிதம்.

ஷட்டர்

பூட்டைப் பார்த்ததும் எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது.

"ஜும்மா தொழுகைக்குப் போயிருப்பார். பை கிடக்கட்டும், ஏன்னா. புடவைதானே? அப்புறமா நீங்க வந்து எடுத்துக்கோங்கோ. நாழியாறது, கிளம்பலாம்" என்றேன்.

அவர் காரில் ஏறவில்லை. திருதிருவென்று முழித்தார்.

"பாஸ்போர்ட் அதுலதான்டி இருக்கு விஜி."

"என்னது?"

"புடவையும் அகராதியும் வெச்சா போருமா? நீயே போனதா ஆகணும்னா, நீ இல்லாம போக முடியாத சாமானா இருக்கணும்னு தோணித்து. அதான்..."

பகவானே! நான் கத்திய கத்தலில் எதிர்க்கடைப் பூனை எழுந்து ஓடியது. பாய்க்கு போன் போட்டேன், அணைத்து வைத்திருந்தார். இன்னொரு தடவை போட்டேன். பூட்டைப் பிடித்து ஆட்டினேன். ஐம்பதை நெருங்கும் ஒரு மாமி, பட்டப்பகலில், பட்டுப்புடவையோடு ராயப்பேட்டையில் கடை ஷட்டரை உலுக்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னா மாமி மேட்டரு?" என்று டிரைவர் இறங்கி வந்தார். சொன்னேன். மசூதிப் பக்கம் எட்டிப் பார்த்தார். "தொழுக முடிய ஒன்னேகால் ஆவும். நடுவுல போய் இஸ்துக்கினு வர முடியாது. டைம் கீது மாமி, டென்சன் ஆவாதீங்க. நா கத்திப்பாரா வழியா பறந்துகினு போறேன் பாருங்க" என்றார். போய் மரத்தடியில் நின்று பீடி பற்றவைத்தார்.

நான் என் ஆத்துக்காரர் பக்கம் திரும்பினேன். வாயில் வந்ததை அப்படியே சொன்னேன். "நான் போகக் கூடாதுன்னு நேரா சொல்லியிருக்கலாமே. எதுக்கு இந்த நாடகம்? வேணும்னுதானே பண்ணேள்?"

நான் காரில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினேன்.

நடுவில்

அதற்கப்புறம்தான் அந்த நீண்ட ஒரு மணி நேரம்.

'அய்தா' என்று ஒரு சொல் உண்டு. நடுவில், இடையில் என்று அர்த்தம். அதோடு ஒரு சின்ன 'நி' சேர்ந்தால், அந்த நேரத்துக்குள் எப்போதோ ஒரு தருணத்தில் ஏதோ நடந்தது என்று பொருள். 'நி' இல்லாவிட்டால், அந்த நேரம் முழுக்க அது நடந்துகொண்டே இருந்தது என்று பொருள். வகுப்பில் இதற்கு நான் உதாரணம் தேடி அல்லாடுவேன். அன்றிலிருந்து தேடவில்லை. தொழுகை நடந்த நேரம் முழுக்க நான் கோபமாக இருந்தேன். தொழுகை நடந்த நேரத்துக்குள், எப்போதோ, பாய் வராமலே போனால் தேவலை என்று நினைத்தேன்.

ஆமாம், நினைத்தேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், இந்த ஷட்டர் திறக்கவே வேண்டாம், காரைத் திருப்பிக்கொண்டு மயிலாப்பூருக்கே போய், குக்கரை ஏற்றி, இவருக்கு ஒரு ரசம் வைத்துவிட்டு ஊஞ்சலில் உட்கார்ந்துவிடலாம் என்று தோன்றியது. பழி அவர் மேல். எனக்கு வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்காட்ட ஒரு விஷயம். எவ்வளவு சௌகரியம்!

ஒலிபெருக்கிக் குரல் நின்றது. தெருவே மூச்சை அடக்கியது போல் ஒரு அமைதி. உள்ளே அத்தனை பேரும் ஒன்றாகக் குனிந்திருப்பார்கள். எங்கிருந்தோ நெய்யும் புதினாவும் கலந்த பிரியாணி வாசனை வந்தது. வெயில் செருப்பு வரிசையில் மெல்ல நகர்ந்தது. ஒரு குழந்தையின் சிவப்புச் செருப்பு மட்டும் தனியாகக் கவிழ்ந்து கிடந்தது. போகப்போகிற இடமும் இல்லை, போன இடமும் இல்லை. எந்த டொக்கோரோவிலும் சேராமல் நான் மிதந்துகொண்டிருந்தேன். பயம் எனக்குத்தான் என்று அப்போதுதான் புரிந்தது. மாமியார் விழுந்தபோதும் சரி, பெண்ணின் பரீட்சையின்போதும் சரி, எனக்குள் ஒருத்தி அப்பாடா என்று உட்கார்ந்திருக்கிறாள்.

முன்கதவு திறந்தது. அவர் டிரைவர் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தார். திரும்பிப் பார்க்காமல், முன்கண்ணாடியைப் பார்த்தபடியே பேசினார்.

"வேணும்னு பண்ணலை விஜி. சத்தியமா."

"தெரியும்" என்றேன். அதுவும் உண்மைதான்.

"நேத்து பையை வெச்சுட்டு ஆத்துக்கு வந்தேனா, நீ உள்ள பெட்டி அடுக்கிண்டிருந்தே. ஆனா எனக்கு நீ போயாச்சு. சாயங்காலம் காபி குடிக்கறச்சே நீ எதிர்ல உக்காண்டிருந்தே, எனக்கு நீ இல்லை. எப்படி இருக்கும்னு பாத்துண்டேன். முதல் நாளை நீ இருக்கறச்சேயே கழிச்சுட்டா பயம் தெளிஞ்சுடுமேன்னு."

"தெளிஞ்சுதா?"

"இல்லை" என்றார். வாட்சைப் பார்த்துவிட்டு, "ஆனா முதல் நாள் முடிஞ்சுடுத்து" என்றார்.

நான் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டேன். நேற்று சாயங்காலம் காபியில் சர்க்கரை போதவில்லையா என்று அவரிடம் மூன்று தடவை கேட்டிருந்தேன். மூன்று தடவையும் அவர் பேசவில்லை. காது மந்தமாகிவிட்டது என்று நினைத்து, பெண்ணுக்குப் போன் பண்ணிப் புலம்பினேன்.

ஒன்று பத்து

முதலில் சிறுவர்கள் ஓடி வந்தார்கள். அப்புறம் வெள்ளைக் குல்லாக்கள். தெரு நிரம்பியது. பஷீர் பாய் எங்கள் காரைப் பார்த்ததும் ஒரு கால் செருப்போடு நின்றுவிட்டார்.

"யா அல்லா! மாமி, நீங்க இன்னும் போவலையா?"

"எப்படிப் போறது பாய்? என் பாஸ்போர்ட் உங்க கடைல குடித்தனம் பண்ணிண்டிருக்கே!"

பாய் என் ஆத்துக்காரரைப் பார்த்தார். "டேய், துணிப்பைல இன்னாடா வெச்ச நீ?" என்று திட்டிக்கொண்டே இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். அவசரத்தில் சாவி இரண்டு தடவை நழுவியது. ஷட்டர் உயர்ந்தது. மேஜைக்கு அடியில், பழைய பூப்போட்ட துணியின் மேல், என் பை சமத்தாக உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் ஒரு சின்னப் பொட்டலம். "எங்க வீட்ல குட்துச்சு. பேரீச்சம்பழம். பயணம் போறவங்களுக்கு" என்றார் பாய்.

பதறுகிற வாசகர்களுக்காக இங்கேயே சொல்லிவிடுகிறேன். டிரைவர் சொன்ன மாதிரியே பறந்தார். கவுன்ட்டர் மூடுவதற்குள், கடைசி ஆளாகப் போய் நின்றேன். ஆறு மாதம் இருந்துவிட்டுத்தான் திரும்பினேன். ஆனால் என்னை யாராவது ஜப்பானுக்கு எப்போது கிளம்பினீர்கள் என்று கேட்டால், விமானம் நினைவுக்கு வருவதில்லை. அந்தத் தெருதான் வருகிறது.

பையை மடியில் வைத்துக்கொண்டு காரில் ஏறினேன். அவர் ஏறவில்லை. விமான நிலையம் வரை வருவதாகத்தான் ஏற்பாடு. கதவைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றார்.

"ஏறுங்கோன்னா, நாழியாறது."

"நான் வரலை விஜி. நேத்திக்கே உன்னை அனுப்பியாச்சு. ஒரே பொண்டாட்டியை ரெண்டு தடவை அனுப்ப என்னால ஆகாது."

பாய் வந்து அவர் தோளில் கை போட்டுக்கொண்டார். கதவை அவரே சாத்தினார். அறையவில்லை, மெதுவாக அழுத்திச் சாத்தினார்.

"போலாமா மாமி?" என்று டிரைவர் கேட்டார்.

சினிமாவோ, கோயிலோ, பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் விடவோ, யார் என்னை எங்கே கூப்பிட்டாலும் நான் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வேன். அது எனக்கே தெரியாத பழக்கம். அன்றும் தலை ஜன்னல் பக்கம் திரும்பப் பார்த்தது. பிடித்து நிறுத்தி, நேரே பார்த்து, "போலாம்" என்றேன்.